ஏக்கர் வாங்கியாச்சு, ஊருக்குள் எப்போது வருவீர்கள்?

டெக்சாஸ் மலைநாட்டுப் பக்கம் நகர எல்லைக்கு வெளியே நிலம் வாங்கியிருக்கிற, வாங்கப்போகிற தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

"எங்கள் ரோட்டில் பெரிய பள்ளம், யாரிடம் சொல்வது?" "குப்பை வண்டி எந்தக் கிழமை வரும்?" "பக்கத்து நிலத்துக்காரர் ஓடாத லாரி நாலை வேலி ஓரமாக நிறுத்தி வைத்திருக்கிறார், எங்கே புகார் கொடுக்கலாம்?" நம்ம வாட்ஸாப் குழுவில் புதிதாகக் குடிவந்த யாராவது ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நானும் ஒரு வரியில் பதில் போடுவேன், அது பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் மாம்பழப் பெட்டி ஆர்டருக்கும் அடியில் போய்விடும். அதனால் இந்த முறை உட்கார்ந்து நீளமாகவே எழுதிவிடுகிறேன். நடுவில் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதில் சின்னதுதான். புகார் வாங்க அங்கே யாரும் இல்லை. உங்கள் விலாசத்தில் இருக்கும் ஊர்ப்பெயர் தபால்காரருக்காகப் போட்டது, அந்த ஊரின் நகராட்சிக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. நகர எல்லைப் பலகை உங்கள் கேட்டுக்குப் பல மைல் முன்னாலேயே முடிந்துவிட்டது. மேயர் கிடையாது, கவுன்சில் கிடையாது, நகராட்சி வரியும் கிடையாது. அந்த வரி இல்லை என்பதுதானே ஏஜென்ட் சொன்ன முதல் நல்ல சேதி? வரி இல்லை என்றால் அந்த வரியில் நடக்கும் வேலையும் இல்லை என்பதை அவர் சொல்லியிருக்க மாட்டார். அது அவர் வேலையும் இல்லை.

இது ஏதோ காட்டுக்குள் மாட்டிக்கொண்ட நிலைமை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கணக்கெடுப்பு அலுவலகம் 2013 மக்கள்தொகையை வைத்துச் சொன்ன கணக்குப்படி, நகராட்சி உள்ள ஊர்களில் இருப்பவர்கள் 62.7 சதவீதம் பேர், அந்த ஊர்கள் எல்லாம் சேர்ந்து பிடித்திருக்கும் நிலம் வெறும் 3.5 சதவீதம். மிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஜனங்கள் நம்மைப்போலத்தான். சின்ன ஊர் என்றால் நகராட்சி இருக்காது, பெரிய ஊர் என்றால் இருக்கும் என்றும் கணக்கில்லை. நெப்ராஸ்காவில் மொனோவை என்று ஒரு ஊர், 2010 கணக்கெடுப்பில் அங்கே இருந்தது ஒரே ஒருவர், ஆனாலும் அது முறைப்படி பதிவான ஊர், அந்த ஒருவரே மேயர். இங்கே ஹூஸ்டனுக்கு வடக்கே த வுட்லண்ட்ஸில் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள், 2021 நவம்பரில் வாக்கெடுப்பு வைத்து நகராட்சியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நமக்கு இது பிடிபடாமல் போவதற்குக் காரணம் நாம் வளர்ந்த இடம். நம்ம ஊரில் பத்துப் பதினைந்து வீடு உள்ள குக்கிராமம்கூட ஏதாவது ஒரு ஊராட்சிக்குள் வந்துவிடும். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. தலைவர் நல்லவரோ கெட்டவரோ, அவர் வீடு எது என்று எல்லோருக்கும் தெரியும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் காலிக்குடத்தோடு ரோட்டில் உட்காரலாம், பஸ்ஸை மறிக்கலாம், தாசில்தாரோ பி.டி.ஓ.வோ வந்து சமாதானம் பேசுவார். இங்கே காலிக்குடத்தோடு எந்த ரோட்டில் உட்காருவீர்கள்? உட்கார்ந்தாலும் வருவது உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான், அதுவும் "எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று கேட்க.

சரி, யார்தான் ஆளுகிறார்கள்? கவுண்டி, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி ஒரு மாநிலப் பிரிவு. டெக்சாஸில் 254 கவுண்டிகள். ஒவ்வொன்றுக்கும் கமிஷனர்ஸ் கோர்ட் என்று ஒரு சபை, அதில் கவுண்டி ஜட்ஜ் ஒருவரும் நான்கு கமிஷனர்களும். கோர்ட், ஜட்ஜ் என்றதும் கறுப்பு கோட்டு ஞாபகம் வர வேண்டாம். பட்ஜெட், ரோடு, பாலம், ஷெரிஃப் துறைக்கு, அதாவது கவுண்டி போலீசுக்குப் பணம், இதுதான் அவர்கள் பேசுவது. மாநிலச் சட்டமன்றம் இன்னது செய்யலாம் என்று எழுதிக் கொடுத்ததை மட்டும்தான் கவுண்டி செய்ய முடியும், நகராட்சிக்கு இருக்கும் கைநீளம் அதற்குக் கிடையாது. இந்த நிலத்தில் வீடுதான் கட்டலாம், அந்த நிலத்தில் கடைதான் வைக்கலாம் என்று பிரிக்கும் அதிகாரம்கூடப் பெரும்பாலான கவுண்டிகளுக்கு இல்லை. அதனால்தான் உங்கள் கனவு வீட்டுக்கு எதிரே ஒருநாள் ஜல்லி உடைக்கும் ஆலையோ சிமெண்ட் கலவை நிலையமோ வந்து உட்காரலாம். லாரி நாலு நிற்கிறது என்று வருத்தப்படுகிறவர் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கவுண்டி செய்யாத மிச்ச வேலையைச் சின்னச் சின்ன அமைப்புகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. பள்ளிக்கு ஒரு மாவட்டம், நிலத்தடி நீருக்கு ஒரு மாவட்டம், தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் ஒரு மாவட்டம், குழாய்த் தண்ணீர் வந்தால் அதற்கு ஒரு கூட்டுறவு, கரண்டுக்கு ஒரு கூட்டுறவு. உங்கள் சொத்து வரிச் சீட்டை எடுத்துப் பாருங்கள், நாலைந்து பெயர் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி வாரியம், தனிக் கூட்டம். அந்தக் கூட்டங்களில் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? வாரிய உறுப்பினர்கள், ஒரு கணக்காளர், ஊர் விஷயம் ஒன்றையும் விடாத ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், அவ்வளவுதான் பல நாள். உங்கள் வரிப்பணத்தை அந்த அறையில்தான் முடிவு செய்கிறார்கள், அங்கே நம்ம ஆள் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

தீயணைப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் நம்மவர்களுக்குத் தப்பான நம்பிக்கை அதிகம். 911 அடித்தால் சிவப்பு வண்டி வரும் என்று நினைக்கிறீர்கள். வரும். ஓட்டி வருகிறவர் யார் தெரியுமா? பகலில் வெல்டிங் கடை வைத்திருப்பவர், பள்ளி பஸ் ஓட்டுகிற அம்மா, கால்நடைத் தீவனம் விற்கும் கடைக்காரர். சம்பளம் இல்லை. அமெரிக்காவில் தீயணைப்பு வேலை செய்கிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் தொண்டர்கள்தான். ரோட்டோரம் தீயணைப்புக் குழாய் கிடையாது, வண்டியோடு டேங்கரில் வரும் தண்ணீர்தான், அது தீர்ந்தால் பக்கத்துக் குளத்தில் மோட்டார் போட வேண்டும். நான் மேலே சொன்ன தீயணைப்பு-ஆம்புலன்ஸ் மாவட்டம், அதாவது அவசர சேவை மாவட்டம், இருந்தால் வரிப்பணம் கொஞ்சம் வரும், அந்த வரியும் 100 டாலர் மதிப்புக்கு 10 சென்டுக்கு மேல் போகக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே உச்சவரம்பு இருக்கிறது. பல ஊர்களில் மிச்சத்துக்கு பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி) சுட்டு விற்றுத்தான் டயர் மாற்றுகிறார்கள், மூச்சுக்கருவி வாங்குகிறார்கள்.

2010-ல் டென்னஸி மாநிலத்தின் ஓபியன் கவுண்டியில் நடந்ததைப் படித்துப் பாருங்கள். நகராட்சி இல்லாத பகுதியில் ஒரு வீடு. பக்கத்து நகரமான சவுத் ஃபுல்டனின் தீயணைப்பு சேவை வேண்டுமென்றால் வருடம் 75 டாலர் கட்ட வேண்டும். அந்த வீட்டுக்காரர் அந்த வருடம் கட்டவில்லை. தீப்பிடித்தது. வண்டி வந்தது, ஆனால் பணம் கட்டியிருந்த பக்கத்துக்காரர் நிலத்துக்குத் தீ பரவாமல் பார்த்துக்கொண்டு, அந்த வீடு எரிந்து முடியும்வரை நின்றார்கள். மனசாட்சி இல்லாத வேலை என்று நாடே திட்டியது, நானும்தான் திட்டினேன். ஆனால் நகராட்சிக்கு வெளியே இருப்பது என்றால் என்ன என்பதை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டிய சம்பவம் வேறு இல்லை. நம்ம பக்கம் அப்படி ஒரு கட்டணம் இல்லை, தொண்டர்கள் யார் வீடானாலும் வருகிறார்கள். அதற்காக நாம் வருடா வருடம் என்ன கொடுக்கிறோம்?

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். தேனீ. நம்மில் பலர் தேனீ வளர்க்கிறோம், தேன்மேல் உள்ள பிரியத்தால் அல்ல. டெக்சாஸ் சட்டப்படி 5 முதல் 20 ஏக்கருக்குள் தேனீ வளர்த்தால் நிலத்தை விவசாய மதிப்பில் கணக்கிடுவார்கள், சொத்து வரி சடாரென்று இறங்கும். சட்டம் கொடுத்த சலுகை, எடுத்துக்கொள்வதில் தப்பில்லை, நானும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அப்படி மிச்சமாகும் பணம் கவுண்டி ரோட்டுக்கும் பள்ளிக்கும் தீயணைப்புக்கும் வராமல் போன பணம். நாலு பெட்டித் தேனீயை வாடகைக்கு வைத்து வரியைக் குறைத்துக்கொண்டு, அப்புறம் "இந்தக் கவுண்டி எதுவும் செய்வதில்லை" என்று குழுவில் எழுதுவது எப்படி நியாயம்? குறைந்த வரியில் கால்வாசியை வருடத்துக்கு ஒருமுறை தீயணைப்பு நிலையத்துக்குக் காசோலையாகக் கொடுங்கள் என்று போன தீபாவளிக்குச் சொன்னேன். கைதட்டல் பொம்மை நிறைய வந்தது.

தீபாவளி என்றதும் ஞாபகம் வருகிறது. நகர எல்லைக்குள் பட்டாசு வெடிக்கத் தடை, வெளியே இருப்பதால் நாம் வெடிக்கிறோம். 2023-ல் சட்டமன்றம் தீபாவளிக்கும் பட்டாசு விற்பனையை அனுமதிக்கலாம் என்று திருத்தம் கொண்டுவந்தது, ஆனால் அந்தந்தக் கவுண்டியில் விற்கலாமா என்பதைச் சொல்ல வேண்டியது கமிஷனர்கள். காய்ந்த வருடத்தில் தீ மூட்டத் தடை போடுவதும் அவர்கள்தான், மீறினால் 500 டாலர் வரை அபராதம். ஆக நம்ம பண்டிகையே அந்தச் சபையில் ஐந்து பேர் கைதூக்குவதில் இருக்கிறது. அதற்காவது ஒரு நடை போயிருக்கலாம். அக்டோபரில் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். வெடிக்கும் முன்னால் தடை இருக்கிறதா என்று கவுண்டி பக்கத்தில் பார்ப்பது அரை நிமிட வேலை. ராக்கெட் விட்டுப் பக்கத்து மேய்ச்சல் நிலத்தைக் கொளுத்திவிட்டால் அணைக்க வருவது அந்த வெல்டிங் கடைக்காரர்தான்.

தண்ணீர். பெரும்பாலானவர்களுக்கு போர்வெல். என் நிலத்தில் என் கிணறு, எவ்வளவு வேண்டுமானாலும் இறைப்பேன் என்பது டெக்சாஸில் 1904-லிருந்து நீதிமன்றம் ஒத்துக்கொண்ட நியாயம். பக்கத்துக்காரர் கிணறு வற்றினால் உங்கள்மேல் வழக்குப் போட்டு ஜெயிப்பது கஷ்டம், அதேபோல உங்கள் கிணறு வற்றினால் நீங்களும் யாரையும் கேட்க முடியாது. இதைக் கொஞ்சமாவது கட்டுப்படுத்தத்தான் நிலத்தடி நீர் மாவட்டங்கள் வந்தன. விம்பர்லி பக்கத்தில் ஜேக்கப்ஸ் வெல் என்ற ஊற்று, நீங்கள் எல்லோரும் போய்ப் படம் எடுத்துக்கொண்ட இடம்தான், தெரிந்த வரலாற்றில் முதல்முறையாக 2000-ல் ஓட்டம் நின்றது, அதற்குப் பிறகு பல வறட்சியில் நின்றுவிட்டது. நம்ம போர்வெல்லும் அதே ட்ரினிட்டி நீரடுக்கில்தான் ஸ்ட்ரா போட்டிருக்கிறது. புல்வெளியை கோல்ஃப் மைதானம் மாதிரி வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் அந்த நீர் மாவட்டத்தின் ஒரு கூட்டத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வரலாம்.

தண்ணீர் விஷயத்தில் வேறு மாநிலக் கதை ஒன்றும் உண்டு, கொஞ்சம் தள்ளி, அரிசோனா. ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ். நகராட்சி இல்லாத, அழகான பாலைவனப் பகுதி. ஆறு மனைக்குக் குறையாமல் பிரித்து விற்றால் நூறு வருடத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், அதனால் விற்றவர்கள் ஐந்தைந்தாகப் பிரித்து விற்றார்கள். வாங்கியவர்களில் நிறையப் பேர் ஸ்காட்ஸ்டேல் நகரிலிருந்து வரும் டேங்கர் தண்ணீரை நம்பினார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கே தண்ணீர் பற்றாது, நிறுத்தப்போகிறோம் என்று ஸ்காட்ஸ்டேல் முன்கூட்டியே எச்சரித்தது. சொந்தமாக ஒரு தண்ணீர் மாவட்டம் அமைக்கலாம் என்று சிலர் கிளம்பினார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்தது, புதிதாக ஒரு அரசாங்கம் எங்களுக்கு வேண்டாம், வரி ஏறும், நிலத்தைப் பிடுங்குவார்கள் என்று ஒரு பக்கம் எதிர்த்தது. 2022 ஆகஸ்டில் கவுண்டி அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. 2023 ஜனவரி 1-ம் தேதி டேங்கர் நின்றது. லட்சக்கணக்கான டாலர் வீட்டில் இருந்தவர்கள் மழைநீரைப் பிடித்து டாய்லெட்டில் ஊற்றிய செய்தி உலகம் முழுக்கப் போனது. கடைசியில் மாநிலச் சட்டமன்றம் தலையிட்டு 2023 ஜூனில் தனிச் சட்டம் போட்டுத்தான் தற்காலிக வழி பிறந்தது.

கரண்டுக் கதை மட்டும் சந்தோஷமானது. 1930-களில் இந்த மலைநாட்டுக் குடியானவர்களுக்கு மின்கம்பி இழுக்க எந்தத் தனியார் கம்பெனியும் தயாராக இல்லை, ஒரு மைலுக்கு இரண்டு வீடு இருந்தால் என்ன லாபம்? அப்போது இந்தத் தொகுதியின் இளம் எம்.பி.யாக இருந்த லிண்டன் ஜான்சன் வாஷிங்டனில் மோதிக் கடன் வாங்கிக் கொடுத்தார், ஜனங்களே உறுப்பினராகச் சேர்ந்து 1938-ல் பெடர்நேலிஸ் மின் கூட்டுறவு உருவானது. இன்று நாட்டிலேயே பெரிய மின் விநியோகக் கூட்டுறவு அதுதான். உங்களில் பாதிப் பேருக்கு மாதாமாதம் பில் வருவது அங்கிருந்துதான். நீங்கள் அதில் வாடிக்கையாளர் மட்டும் அல்ல, உறுப்பினர், இயக்குநர் தேர்தலில் உங்களுக்கு ஓட்டு உண்டு. அந்தத் தேர்தல் மின்னஞ்சல் வந்திருக்கும், விளம்பரம் என்று நினைத்து அழித்திருப்பீர்கள்.

இங்கே ஒரு சமாதானம் வரும், தெரியும்: "அண்ணே, நாங்கள் எச்-1பி, கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறோம், ஓட்டே இல்லை, எங்கள் பேச்சை யார் கேட்பார்கள்?" நியாயமான வருத்தம். இந்தியர்களுக்கான அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று எல்லோருக்கும் தெரியும், பிள்ளை கல்லூரி போகும்வரை காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கூட்டுறவில் உறுப்பினர் என்பது மீட்டரை வைத்து, பாஸ்போர்ட்டை வைத்து அல்ல. கமிஷனர்கள் சபையில் பேசுவதற்கும் குடியுரிமை கேட்பதில்லை. 2019-ல் வந்த சட்டப்படி நிகழ்ச்சி நிரலில் உள்ள விஷயம் பற்றிப் பேச வருகிற பொதுமக்களைப் பேச விட்டே ஆக வேண்டும். மூன்று நிமிடம் கிடைக்கும், பெயர்ச்சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். உச்சரிப்பு பற்றிக் கூச்சப்பட வேண்டாம், அங்கே பேசுகிற பண்ணைக்காரர்களின் உச்சரிப்பு எனக்கு இன்னும் பாதி புரிவதில்லை.

என்னுடைய சொந்தப் புலம்பல் ஒன்று. எங்கள் வீட்டுக்குப் போகும் கடைசி ஒரு மைல் தனியார் ரோடு. விற்றவர் சொல்லவில்லை, பத்திரத்தில் ஒரு மூலையில் எழுதியிருந்தது. தனியார் ரோட்டில் கவுண்டி ஒரு கூடை ஜல்லிகூடப் போடாது. அந்த ரோட்டை ஒட்டியிருக்கும் எல்லோரும் சேர்ந்து பராமரிப்பு ஒப்பந்தம் போட வேண்டும், எங்கள் ரோட்டில் அது போடவே வருடக்கணக்காக இழுத்தது, ஒருவர் "என் வண்டி ஃபோர் வீல் டிரைவ், எனக்குப் பள்ளம் பிரச்சினை இல்லை" என்றே நின்றார். கடைசியில் ஆம்புலன்ஸ் ஒன்று பள்ளத்தில் தயங்கி நின்றதைப் பார்த்த பிறகு அவரே முதல் காசோலை கொடுத்தார். நிலம் பார்க்கிறவர்கள் கிணற்று ஆழம் கேட்பதற்கு முன்னால் ரோடு யாருடையது என்று கேளுங்கள்.

இவ்வளவும் எழுதினாலும் உண்மையில் இந்த மடலை எழுத வைத்தது 2025 ஜூலை 4. குவாடலூப் ஆற்றில் 45 நிமிடத்தில் 26 அடி தண்ணீர் ஏறியது. கெர் கவுண்டியில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், கேம்ப் மிஸ்டிக் என்ற சிறுமிகள் கோடைமுகாமில் மட்டும் சிறுமிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்ட இளம்பெண்களுமாக 27 பேர். மிக மோசமாக அடிபட்ட ஹண்ட் நம்மைப்போலவே நகராட்சி இல்லாத ஊர். ஆற்றோரம் வெள்ள எச்சரிக்கை சைரன் வைப்பதைப் பற்றி அந்தக் கவுண்டியில் 2016-லேயே பேசியிருக்கிறார்கள். செலவு ஏறக்குறைய பத்து லட்சம் டாலர், மத்திய நிதிக்கு விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை, செலவைப் பற்றியும் சத்தத்தைப் பற்றியும் முணுமுணுப்பு இருந்தது, விஷயம் அப்படியே தூங்கிப்போனது. வெள்ளம் வந்த பிறகு, 2025-லேயே, சட்டமன்றம் அவசரமாகக் கூடி, வெள்ள ஆபத்துள்ள கவுண்டிகளில் சைரன் வைக்கச் சட்டம் போட்டது. போனவர்களுக்கு அதனால் என்ன?

அதே ஆற்றில் கீழே போனால், கெண்டல் கவுண்டியில், கம்ஃபர்ட் என்ற ஊர். சுமார் 2,200 பேர். இதற்கும் மேயர் இல்லை, நகராட்சி இல்லை. 1854-ல் ஜெர்மனியிலிருந்து வந்த சுதந்திரச் சிந்தனையாளர்கள் அமைத்த ஊர் அது. கடவுள் மறுப்பும் அடிமை முறை எதிர்ப்பும் பேசிய ஆட்கள், நம்ம பெரியார் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே. முதல் தேவாலயமே 1892-ல்தான் வந்தது. உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைக்குப் போக மறுத்துக் கொல்லப்பட்டவர்களுக்காக 1866-ல் எழுப்பிய நினைவுத்தூண் இன்றும் அங்கே நிற்கிறது. வாரக்கடைசியில் பழம்பொருள் கடை பார்க்க நீங்களே போயிருப்பீர்கள், அந்தத் தூணையும் ஒருமுறை பாருங்கள்.

1978-ல் அந்தப் பக்கம் வந்த வெள்ளத்தில் 33 பேர் செத்தார்கள், அதில் 15 பேர் கம்ஃபர்ட்டில். அதை மறக்காத ஆட்கள் தொண்டர் தீயணைப்புப் படையில் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு அந்த வெள்ளத்தில் தாத்தாவே போயிருந்தார். பழைய சைரனை மாற்ற வேண்டும் என்று அவர்கள் கிளம்பினார்கள். ஒரு மானியம் தேடிப் பிடித்தார்கள், கவுண்டி கமிஷனர்களிடம் போய் ஒரு பங்கு கேட்டார்கள், படையின் சொந்தப் பணத்திலிருந்து ஒரு பங்கு போட்டார்கள். மொத்தச் செலவு ஐம்பது, அறுபது ஆயிரம் டாலர் அளவில். 2024-ல் புது சைரன் வந்தது, பழையதைத் தூக்கி எறியாமல் சரிசெய்து பூங்காவில் வைத்து நீர்மட்டக் கருவியோடு இணைத்தார்கள், தண்ணீர் ஒரு அளவு தாண்டினால் தானாக ஊதும். தினமும் நண்பகலில் ஊதிச் சோதிப்பார்கள், வேறு நேரத்தில் சத்தம் கேட்டால் ஏதோ விஷயம் என்று ஊரே பழகிக்கொண்டது. 2025 ஜூலை 4 அன்று சைரன் ஊதியது. கம்ஃபர்ட் ஊர்க்காரர் ஒருவர்கூடச் சாகவில்லை.

உடனே ஒருவர் சொல்வார், கம்ஃபர்ட் ஆற்றின் கீழே இருக்கிறது, மேலே ஹண்டில் நடுராத்திரியில் அடித்த தண்ணீர் இங்கே வருவதற்குள் விடிந்துவிட்டது, அவர்களுக்கு நேரம் இருந்தது என்று. உண்மைதான், அதை மறைத்துப் பேசக் கூடாது. ஹண்டில் சைரன் இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நகராட்சி இல்லாத ஒரு ஊர், யாரும் வந்து செய்து தரப்போவதில்லை என்று தெரிந்து, வெல்டிங் கடைக்காரர் மாதிரி ஆட்களை வைத்து ஒரு வேலையை முடித்தது என்பதும் உண்மை. அந்த வேலையில் வீரதீரம் எதுவும் இல்லை. விண்ணப்பம் எழுதினார்கள், கூட்டத்தில் உட்கார்ந்தார்கள், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்கு உறுத்துவது, விண்ணப்பம் எழுதுவதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் இந்தக் கவுண்டியில் யார் இருக்கிறார்கள்? ஒவ்வொரு வீட்டிலும் ப்ராஜக்ட் மேனேஜர் ஒருவர், டேட்டாபேஸ் ஆள் ஒருவர், விசா விண்ணப்பத்துக்காக முந்நூறு பக்கம் ஆவணம் சேர்த்து அடுக்கத் தெரிந்தவர் ஒருவர். நம்ம தொண்டர் படைத் தலைவர் மானிய விண்ணப்பப் படிவத்தைப் பார்த்து "இதற்குப் பதில் நான் நாலு தீ அணைப்பேன்" என்கிறார். தீயணைக்க வாருங்கள் என்று உங்களை அவர் கேட்கவில்லை. எழுதித் தர முடியுமா என்றுதான் கேட்கிறார்.

நம்ம பக்கம் தாழ்வான பாலம் மூன்று இருக்கிறது, மழைக்கு மூன்றும் முழுகும். இரண்டில் நீர்மட்டக் குச்சி மட்டும், ஒன்றில் அதுவும் சாய்ந்து கிடக்கிறது. விளக்கும் தானியங்கித் தடுப்பும் வைக்கலாமா என்று படைத் தலைவர் கமிஷனரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். எத்தனை வீடு அந்தப் பாலங்களைத் தாண்டி இருக்கிறது, எத்தனை பள்ளிப் பிள்ளைகள், ஆக்சிஜன் இயந்திரத்தில் இருக்கும் வயதானவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு அவர்களிடம் இல்லை. ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்து தங்கும் நம்ம அம்மா அப்பாக்கள் அந்தக் கணக்கில் எங்கேயுமே இல்லை, ஆங்கிலத்தில் வரும் எச்சரிக்கைக் குறுஞ்செய்தியும் அவர்களுக்கு எட்டாது. பகலில் நாம் ஆபீசில் இருக்கும்போது வீட்டில் தனியாக இருப்பது அவர்கள்தான். இந்தக் கணக்கை எடுப்பதற்கு இரண்டு சனிக்கிழமை போதும், படிவம் நான் தயார் செய்துவிட்டேன்.

அதற்கு முன்னால் உங்கள் வீட்டு அளவில் செய்யக்கூடியது. கேட்டுக்குப் பக்கத்தில் வீட்டு எண்ணை இருட்டில் மின்னும் பலகையில் போடுங்கள், ராத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவருக்குத் தூணில் செதுக்கிய அழகான பித்தளை எண் தெரியாது. எலக்ட்ரிக் கேட் வைத்திருப்பவர்கள் அதன் எண்ணைத் தீயணைப்பு நிலையத்தில் கொடுத்து வையுங்கள். டேங்கர் திரும்ப இடம் இருக்கிறதா பாருங்கள். நிலையம் ஐந்து மைலுக்குள் இருக்கிறதா, அதன் தரமதிப்பு என்ன என்பதை வைத்துத்தான் உங்கள் வீட்டு இன்சூரன்ஸ் தொகையே ஏறி இறங்குகிறது, ஆகவே அந்த நிலையம் நன்றாக இருப்பது தர்மகாரியம் மட்டுமல்ல, உங்கள் பாக்கெட்டுக்கும் நல்லது. அப்படிச் சொன்னால்தான் சிலருக்கு ஏறும் என்பதால் சொல்கிறேன்.

அவசர சேவை மாவட்டத்தின் கூட்டம் இந்த மாதம் இரண்டாவது செவ்வாய், மாலை ஏழு மணி, தீயணைப்பு நிலையத்தின் பின் அறை. பாலம் விஷயம் நிரலில் இருக்கிறது. அதற்கடுத்த சனிக்கிழமை அவர்களுடைய பிரிஸ்கெட் விற்பனை, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று போன வருடமே குறைப்பட்டீர்கள், இந்த வருடம் ஒரு மேசை நமக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், வெஜிடபிள் பிரியாணியும் மசால் வடையும் போடலாம் என்று நினைக்கிறேன். பெரிய பாத்திரம் யாரிடம் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை யார் யார் வருகிறீர்கள் என்று குழுவில் பெயர் போடுங்கள். கைதட்டல் பொம்மை வேண்டாம், பெயர்.

இப்படிக்கு,
பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் உங்களில் ஒருவன்